பெரிய மார்க்கெட்டை இடிக்கும் முன்

பலகையில் அது குபேர் அங்காடி. நம் முதல் முதலமைச்சர் எதுவார் குபேரின் பெயர். ஆனால் யார் அப்படிச் சொல்கிறோம்? துய்ப்ளேக்ஸ் வீதி நேரு வீதியானது, 1962இல் பிரெஞ்சுக்காரர் சட்டப்படியும் விட்டுப்போனார்கள். நமக்கு அது பெரிய மார்க்கெட்தான்.

ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் இடித்துக் கட்டுகிறோம் என்றதும் வியாபாரிகள் எதிர்த்தார்கள். மழைநாளில் உள்ளே நடந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், கட்டத்தான் வேண்டும். ஆனால் கடைக்காரரிடம் காகிதம் இருக்கிறது. சாக்கு விரித்து, அடிக்காசு கொடுத்து, கீரை விற்கும் ஆயாவிடம்? மீன்கூடையோடு உட்காரும் அக்காவிடம்? காசு குறைந்தாலும் "நாளைக்குக் கொடு சார்" என்பவர்கள் இவர்கள்தான்.

முதலில் அவர்கள் பெயரை எழுதுங்கள். தரைத்தளத்திலேயே இடம் என்று எழுத்தில் கொடுங்கள். மாடியேறி யார் கீரை வாங்குவார்கள்? நகராட்சியில் இருக்கும் என் பிள்ளைகள் இதை மேலே சொல்லுங்கள்.