பதிந்த குரல் எங்கே போக வேண்டும்?

பெருந்துறையில் பாதிக் கொடுக்கல் வாங்கல் போனில்தான் நடக்கிறது. கூட்டுறவுச் சங்க ஏலத்துக்குக் கொப்பரை கொண்டுவருகிறவர், மஞ்சளை இருப்பு வைத்து விலைக்குக் காத்திருக்கிறவர், சிப்காட் ஆலைகளுக்கு ஆள் அனுப்புகிறவர், மகளிர் குழுவில் கடன் வாங்கியவர் என எல்லாருக்கும் விலையும் தவணையும் வாக்குறுதியும் காதுவழியாகத்தான் வந்து சேர்கின்றன. பேச்சை நம்பிப் பணம் போடுவதன் விலை இந்த ஊருக்குத் தெரியும். 2012-இல் ஈமு கோழி வளர்ப்புத் திட்டங்கள் சரிந்தபோது, விளம்பரத்தையும் வாய்ச்சொல்லையும் நம்பிய ஆயிரக்கணக்கான குடும்பங்கள் போட்ட பணத்தை இழந்து நின்றன. முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்ட வழக்குகளுக்கான கோவை சிறப்பு நீதிமன்றத்தில் அந்த வழக்குகள் வருடக்கணக்கில் நடந்தன.

ஆகவே, பேசுகிற பேச்சைக் கைப்பேசியில் பதிந்துவைக்க மக்கள் பழகியிருப்பதில் தவறில்லை. பதிந்த பிறகு அந்தக் குரல் போகிற இடம்தான் அச்சம் தருகிறது. காவல் நிலையத்துக்கும் நீதிமன்றத்துக்கும் போக வேண்டியது வாட்ஸ்அப் குழுவுக்குப் போகிறது. கடன் தகராறு, குடும்பச் சண்டை, காதல் முறிவு, கட்சிக்குள் பூசல் என எதுவானாலும் மறுநாள் காலையில் ‘ஆடியோ வந்திருக்கு, கேட்டியா?’ என்று ஊர் கேட்கிறது. இந்தப் போக்கை இப்போதே நிறுத்தாவிட்டால், எளியவருக்குக் கிடைத்த ஒரு நல்ல பாதுகாப்பு அவர் கழுத்துக்கே கத்தியாகும்.

சட்டம் என்ன சொல்கிறது? தொலைபேசிப் பேச்சைப் பதிவது குறித்த முக்கியமான வழக்கு ஆர்.எம். மல்கானி வழக்கு. பம்பாயில் மரண விசாரணை அதிகாரியாக இருந்த மல்கானி, ஒரு நோயாளியின் மரணம் தொடர்பாக மருத்துவர்களுக்குச் சாதகமாக நடந்துகொள்ளப் பணம் கேட்டார். அந்தப் பேரம் தொலைபேசியில் நடந்தபோது, மறுமுனையில் பேசிய மருத்துவரின் சம்மதத்தோடு காவல் துறை அதை டேப்பில் பதிந்தது. இது தந்திச் சட்டத்தை மீறிய செயல் என்று மல்கானி உச்ச நீதிமன்றம்வரை வாதாடினார். பேசுகிறவர்களில் ஒருவரே சம்மதித்துப் பதிவது ஒட்டுக்கேட்பு ஆகாது என்று 1972 செப்டம்பரில் தீர்ப்பு வந்தது. பதிவைச் சாட்சியமாக ஏற்க மூன்று நிபந்தனைகளையும் நீதிமன்றம் சொன்னது: பேச்சு வழக்கோடு தொடர்புடையதாக இருக்க வேண்டும், குரல் யாருடையது என்று அடையாளம் காண முடிய வேண்டும், ஒட்டு வெட்டுக்கு இடமில்லை என்று நிறுவ வேண்டும். அரை நூற்றாண்டு கடந்தும் அடிப்படை இதுதான்.

நீங்கள் பேசும் அழைப்பை நீங்கள் பதிவதைத் தடுக்கும் தனிச் சட்டம் இந்தியாவில் இல்லை. அடுத்தவர் இருவர் பேசுவதை மூன்றாமவர் இடைமறித்துக் கேட்பது குற்றம். 2023-ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம் அதற்கு 3 ஆண்டு வரை சிறை, 2 கோடி ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் என்கிறது. அரசும் நினைத்தபடி ஒட்டுக்கேட்க முடியாது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017-இல் புட்டசாமி வழக்கில் 9 நீதிபதிகள் ஒருமித்துச் சொன்னார்கள். ஒரு லஞ்ச வழக்குக்காக மத்திய உள்துறை 2011-இல் பிறப்பித்த ஒட்டுக்கேட்பு ஆணையை, 2025 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது.

வீட்டுக்குள்ளும் இதே கேள்வி வந்துவிட்டது. மனைவிக்குத் தெரியாமல் எடுத்த அவருடைய அழைப்பு விவரங்களைக் கணவர் தாக்கல் செய்தபோது, உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2024 அக்டோபரில் அதை ஏற்க மறுத்தது. கணவன் மனைவிக்குள்ளும் அந்தரங்கம் உண்டு என்றது. 2025 ஜூலை 14 அன்று உச்ச நீதிமன்றம் வேறொரு வழக்கில், மனைவியோடு பேசியதைக் கணவர் ரகசியமாகப் பதிந்திருந்தாலும் மணமுறிவு வழக்கில் அதைச் சாட்சியமாக ஏற்கலாம் என்றது. இந்தத் தீர்ப்பைப் பலர் தவறாகப் படிக்கிறார்கள். பதிவை நீதிபதி முன் வைக்கலாம் என்பதுதான் அதன் பொருள். மாமனார் ஊர்க் குழுவில் போடலாம் என்றோ, மனைவியின் கைப்பேசியில் வேவுச் செயலி ஏற்றலாம் என்றோ எந்த நீதிபதியும் சொல்லவில்லை.

பரவிய பதிவு என்ன செய்யும் என்பதைக் கொங்கு மண் கண்ணாரக் கண்டது. 2019-இல் பொள்ளாச்சிப் பாலியல் கொடுமை வெளிவந்தபோது, ஒரு பெண்ணின் கதறல் அடங்கிய துணுக்கு கைப்பேசிக்குக் கைப்பேசி தாவியது. பகிர்ந்தவர்களில் பெரும்பாலோர் நியாயம் கேட்டுத்தான் பகிர்ந்தார்கள். ஆனால் அந்தக் குரலுக்கு உரியவர் ஒவ்வொரு முறையும் அதைக் கேட்டாக வேண்டியிருக்கும் என்று எத்தனை பேர் யோசித்தார்கள்? புகார் கொடுத்த பெண்ணின் பெயரைக் காவல் துறை உயர் அதிகாரியே வெளியிட்டார். அரசாணையிலும் பெயர் வந்தது. அதற்காக 25 லட்சம் ரூபாய் இழப்பீடு தரும்படி உயர் நீதிமன்றம் அரசுக்கு உத்தரவிட்டது. 2025 மே 13 அன்று கோவை மகளிர் நீதிமன்றம் குற்றவாளிகள் 9 பேருக்கும் சாகும்வரை ஆயுள் சிறை விதித்தது. அந்தத் தண்டனையைப் பெற்றுத் தந்தவை நீதிமன்றத்தில் துணிந்து சொல்லப்பட்ட சாட்சியங்களும் முறையாகச் சேர்க்கப்பட்ட மின்னணு ஆதாரங்களும். குழுக்களில் சுற்றிய துணுக்குகள் அல்ல.

பரப்புவதில் இன்னொரு இழப்பும் இருக்கிறது. 40 நிமிடப் பேச்சில் 40 விநாடியை வெட்டி அனுப்பினால், எதிர்த் தரப்பு வழக்கறிஞருக்கு நாமே ஆயுதம் கொடுக்கிறோம். மூலக் கோப்பு அழிந்து, கைப்பேசியும் மாறி, வாட்ஸ்அப்பில் வந்த நகல் மட்டும் மிஞ்சினால், உண்மையான மிரட்டலைக்கூட நிரூபிக்க முடியாமல் போகலாம்.

மூன்றாவது ஆபத்து செயலிகளில் இருக்கிறது. அழைப்பைப் பதியும் வெளிச் செயலிகளுக்கு 2022 மே மாதம் கூகுள் தன் பிளே ஸ்டோரில் கதவடைத்தது. ஆப்பிளும் கூகுளும் தரும் வசதியில், பதிவு தொடங்கினால் இரு முனைக்கும் அறிவிப்பு கேட்கிறது. கலிபோர்னியாவில் எல்லாத் தரப்பும் சம்மதிக்க வேண்டும்; ஜெர்மனியில் அனுமதியின்றிப் பதிந்தால் 3 ஆண்டு வரை சிறை. உலகச் சந்தைக்குச் செய்த கைப்பேசி இப்படித்தான் இருக்கும். அறிவிப்பு கேட்கக் கூடாது என்பதற்காக, யாரோ அனுப்பிய ஏபிகே கோப்பை நம் பிள்ளைகள் ஏற்றிக்கொள்கிறார்கள். ஒலிவாங்கி, தொடர்பு எண்கள், குறுஞ்செய்தி என அத்தனைக்கும் அனுமதி கொடுத்தால், வங்கியிலிருந்து வரும் ஓடிபியும் அந்தச் செயலியின் கையில்தான்.

அரசுக்கும் நீதித் துறைக்கும் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63-ஆவது பிரிவு, மின்னணுப் பதிவோடு இரண்டு பகுதிச் சான்றிதழ் கேட்கிறது. முதல் பகுதியில் சாதனத்துக்குப் பொறுப்பானவர் கையெழுத்திட வேண்டும். இரண்டாம் பகுதியில் ஒரு நிபுணர். கோப்பின் கைரேகை போன்ற ஹேஷ் மதிப்பையும் குறிக்க வேண்டும். போலிக் குரலைக் கணினியே உருவாக்கித் தரும் காலத்தில் இந்தக் கண்டிப்பு தேவைதான். ஆனால் குழுக் கடனுக்காக இரவில் மிரட்டப்படும் ஒரு பெண் அந்த நிபுணரை எங்கே தேடுவார்? கட்டணத்தை யார் கொடுப்பது? கடன் வசூல் முகவர்கள் காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் அழைக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022-இல் சொன்னது. வலுக்கட்டாய வசூலைத் தடுக்கத் தமிழகச் சட்டப்பேரவை 2025 ஏப்ரலில் சட்டமும் நிறைவேற்றியது. மீறலை நிரூபிக்க வழி இல்லையென்றால் இரண்டும் காகிதத்தில்தான் இருக்கும்.

எனவே மாவட்டந்தோறும் சட்டப் பணிகள் ஆணைக்குழு வழியாக இந்தச் சான்றிதழ் இலவசமாகக் கிடைக்க அரசு ஏற்பாடு செய்ய வேண்டும். பதிவோடு வருகிறவரிடம் ‘வாட்ஸ்அப்பில் அனுப்புங்க’ என்று சொல்வதைக் காவல் நிலையங்கள் விட்டுவிட்டு, மூலக் கோப்பை முறைப்படி பெற்று ரசீது தர வேண்டும். ஒருவர் பதிந்த குரலை வழக்குக்கு வெளியே பரப்புவதைத் தெளிவாகத் தண்டிக்கும் சட்டப் பிரிவை நாடாளுமன்றம் கொண்டுவர வேண்டும். இன்று அவதூறு, மிரட்டல், பணப்பறிப்பு என்று சுற்றி வளைத்துத்தான் வழக்குப் போட வேண்டியிருக்கிறது.

வாசகர்களுக்கு: மிரட்டினாலோ லஞ்சம் கேட்டாலோ ஏமாற்றினாலோ, நீங்கள் பேசும் அழைப்பைத் தயங்காமல் பதியுங்கள். வெட்டாதீர்கள், பெயர் மாற்றாதீர்கள், பதிந்த கைப்பேசியை விற்காதீர்கள். தேதியும் நேரமும் எண்ணும் குறித்து வையுங்கள். கட்டாயத்தால் லஞ்சம் கொடுத்துவிட்டால் 7 நாளுக்குள் புகார் செய்தாக வேண்டும். இணைய மோசடி என்றால் உடனே 1930-க்கு அழையுங்கள். அடுத்தவர் குரல் உங்கள் கைப்பேசிக்கு வந்தால் யாருக்கும் அனுப்பாமல் அழித்துவிடுங்கள்.