மில்லிமீட்டர் சொல்லாத கோணம்

கவரைப்பேட்டையில் 2024 அக்டோபர் 11 இரவு, லூப் லைனில் நின்ற சரக்கு ரயில்மீது பாக்மதி எக்ஸ்பிரஸ் மோதியது. அப்படியொரு விபத்துக்குப் பின், தண்டவாளம் பிரியும் ‘பாயின்ட்’களுக்குக் கேமரா கேட்பது நியாயமே. ஆனால் ‘2.8 மி.மீ. லென்ஸ்’ என்று மட்டும் எழுதி வாங்குவது அரைகுறைக் கொள்முதல். லென்ஸ் தரும் பிம்பத்தில் சென்சார் எவ்வளவு பிடிக்கிறதோ அவ்வளவுதான் பார்வை. சென்சாரின் அகலம் 4.8 மி.மீ. என்றால் கிடைமட்டமாக ஏறத்தாழ 81 டிகிரி தெரியும், 3.6 என்றால் 65தான். விடுபடும் 16 டிகிரிக்குள் ஒரு பாயின்ட்டே மறைந்துவிடலாம். டெண்டரில் கோணத்தை டிகிரியில் கேட்க வேண்டும்.

சிறிய சென்சாரில் அதே எண்ணிக்கை பிக்சல்கள் குறுகிய பரப்பில் குவிவதால் தொலைவு தெளிவாகத் தெரியுமே என்பார்கள். பகலில் சரி. இருட்டில் சின்ன பிக்சல் திணறும். விபத்துகள் வெளிச்சம் பார்த்து வருவதில்லை. தொலைவுதான் வேண்டுமென்றால் பெரிய சென்சாரிலேயே 4 மி.மீ. லென்ஸ் மாட்டலாமே.