வளர்ந்தவர்களின் மனச்சோர்வையும் கவனியுங்கள்



ஆட்டிசம் என்றாலே குழந்தைகளைப் பற்றி மட்டும் பேசுகிறோம். அவர்களும் வளர்ந்து பெரியவர்களாகிறார்கள். ஆட்டிசம் உள்ள பெரியவர்களில் சுமார் 37 சதவீதத்தினர் வாழ்நாளில் எப்போதாவது மனச்சோர்வுக்கு ஆளாவதாக 2019இல் வெளியான ஆய்வுத் தொகுப்பு ஒன்று கணித்தது. பிறரைப்போலத் தெரிய வேண்டும் என்று தம் இயல்பை மறைத்து மறைத்தே பலர் களைத்துப்போகிறார்கள். வேலையின்மையும் தனிமையும் அதோடு சேர்ந்துகொள்கின்றன. மனச்சோர்வைப் பலரின் முகம் காட்டிக்கொடுக்காது, வாய்விட்டுச் சொல்லவும் பலருக்கு வராது. தூக்கமும் சாப்பாடும் மாறினாலோ, உயிராக நேசித்த விஷயத்தில் நாட்டம் குறைந்தாலோ, ‘ஆட்டிசம் அப்படித்தான்’ என்று வீட்டாரும் மருத்துவர்களும் ஒதுக்கிவிடக் கூடாது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஆட்டிசமும் இடம்பெற்றிருக்கிறது. ஆகவே அரசு மருத்துவமனைகளின் மனநலப் பிரிவுகளில் ஆட்டிசம் உள்ள பெரியவர்களைப் புரிந்து சிகிச்சை தரப் பயிற்சி பெற்றவர்களை அரசு உடனே நியமிக்க வேண்டும்.

- ஒரு வாசகர், திருச்சி