சிலையின் கையிலிருப்பது செங்கல் அல்ல

"புக்கு படிச்சு எவன்யா தலைவனானான்? களத்துல நின்னு அடி வாங்குனவன்தான் தலைவன்." நம் கூட்டங்களில் கைதட்டு வாங்குகிற வசனம் இது. கைதட்டுகிறவர்களோடு எனக்குச் சண்டையில்லை. பேசுகிறவர்களோடு உண்டு. மேடையில் முழங்கிவிட்டு, மறுநாள் காவல் நிலையத்தில் எவனோ எழுதி நீட்டுகிற சமரசக் காகிதத்தில் வாசித்துப் பாராமலே கையெழுத்துப் போடுகிறவர்கள் இவர்கள்தாம்.

படிக்காதே என்று முதலில் சொன்னவன் யார்? வேதத்தைக் காதுகொடுத்துக் கேட்ட சூத்திரனின் காதில் உருக்கிய ஈயத்தை ஊற்றச் சொன்னது கௌதம தர்மசூத்திரம். அவனுக்கே அந்தக் கதியென்றால் ஊருக்கு வெளியே நிறுத்தப்பட்ட நமக்கு? ஈயம் ஊற்றச் சொன்னவனின் கட்டளையை நம்மாளு மைக் பிடிச்சுச் சொன்னா அது புரட்சியாயிடுமா?

இன்னொரு பொய்யும் இருக்கிறது. "அம்பேத்கர் படித்தார், உயர்ந்தார், நீயும் படி, மரியாதை வரும்" என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுக்கிறார்கள். மரியாதை வந்ததா? 1913இல் கடல் கடந்து கொலம்பியா பல்கலைக்கழகம் போனார். லண்டனிலும் படித்தார். 1917இல் திரும்பும்போது அவர் சேர்த்த புத்தகங்களை ஏற்றிவந்த கப்பல் போரில் மூழ்கடிக்கப்பட்டது. அதே ஆண்டு பரோடாவில் வேலைக்குப் போனவருக்குத் தங்க ஒரு வீடு கிடைக்கவில்லை. பார்சி விடுதியில் இருந்தவரைத் தடிகளோடு வந்து விரட்டினார்கள். வங்கிக் கவுண்டரில் உட்கார்ந்திருக்கிற எனக்கு இதில் ஆச்சரியமில்லை. டிகிரி இருக்கு, நாற்காலி இருக்கு, "சாருக்கு எந்த ஊரு, ஊர்ல எந்தத் தெரு?" என்ற கேள்வி டிகிரியைத் தாண்டிக்கொண்டு வந்து நிற்கும்.

அப்படியானால் படிப்பு பாபாசாகேபுக்கு என்னதான் தந்தது? மகாடைப் பாருங்கள். பொதுக் குளமும் கிணறும் தீண்டப்படாதாருக்கும் உண்டு என்று 1923இல் பம்பாய்ச் சட்டமன்றம் தீர்மானம் போட்டது. சவுதார் குளம் எல்லாருக்கும் என்று 1924இல் மகாட் நகராட்சியும் தீர்மானம் எழுதி வைத்தது. தண்ணீர் காகிதத்தில் ஓடியது. குளத்தில் நம் சனம் கைநனைக்க முடியவில்லை. அந்தக் காகிதத்தின் பலம் தெரிந்தவர், 1927 மார்ச் 20 அன்று திரளான மக்களோடு நடந்துபோய் அந்த நீரை அள்ளிக் குடித்தார். சாதி இந்துக்கள் அடித்தார்கள், கோர்ட்டுக்கும் போனார்கள். 1937இல் பம்பாய் உயர் நீதிமன்றம் நம் பக்கம் தீர்ப்புச் சொன்னது. இதில் களம் எங்கே முடிகிறது, புத்தகம் எங்கே ஆரம்பிக்கிறது? பிரித்துக் காட்டட்டும் நம் மேடைச் சிங்கங்கள். அதே மகாடில் 1927 டிசம்பர் 25 அன்று மனுஸ்மிருதி எரிந்தது. உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று தெரிந்தவன் வைத்த தீ அது.

அவர் பணிந்து படித்தவரில்லை. இராமாயணமும் மகாபாரதமும் படிக்கச் சொன்ன அப்பாவிடமே "ஏன் படிக்கணும்?" என்று கேட்ட பிள்ளை. 1936இல் லாகூர் ஜாத்-பாத்-தோடக் மண்டல் அவரைத் தலைமையுரைக்கு அழைத்துவிட்டு, உரையைப் பார்த்ததும் மாற்றச் சொன்னது. மறுத்தார். மாநாடு ரத்தானது. உரையைத் தன் செலவில் அச்சடித்தார். தானே படித்து, தானே எழுதியவனை எவனும் திருத்த முடியாது. அடுத்தவன் எழுதித் தந்ததைப் பேசுகிறவனை யார் வேண்டுமானாலும் திருத்தலாம்.

இது மராட்டிய மண்ணின் கதை மட்டுமில்லை. மெட்ரிகுலேஷன் தேறிய பீமராவுக்குத் தான் எழுதிய புத்தர் வரலாற்றைக் கெலுஸ்கர் பரிசளித்த அதே 1907இல், சென்னையில் அயோத்திதாசப் பண்டிதர் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கினார். பழைய நூல்களைப் புரட்டிப் புரட்டி நமக்கொரு எதிர்வரலாறு எழுதினார். 1914இல் இறந்தார். அவருடைய எழுத்துகள் பெருந்தொகுதிகளாக வந்தது 1999இல். இடையில் போனது எண்பத்தைந்து வருசம். வாசிக்காத இயக்கம் சொந்தப் பாட்டனையே தொலைத்துவிடும்.

இன்றைக்கு வருவோம். வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989இல் வந்தது, விதிகள் 1995இல். டி.எஸ்.பி. தகுதிக்குக் குறையாத அதிகாரிதான் புலன்விசாரணை செய்ய வேண்டும் என்கிறது 7ஆம் விதி. கடமையை வேண்டுமென்றே செய்யாத அரசு ஊழியருக்குச் சிறை என்கிறது 4ஆம் பிரிவு. அவர் நம் சமூகத்துக்காரராக இல்லாதபோது. "பேசி முடிச்சுக்கங்கப்பா" என்று இன்ஸ்பெக்டர் சொல்லும்போது இந்த இரண்டும் தெரிந்தவன் எழுந்து நிற்பதற்கும், தெரியாதவன் கைகட்டி நிற்பதற்கும் இடையில் ஒரு குடும்பத்தின் நியாயம் கிடக்கிறது. கடன் பத்திரத்தில் என்ன இருக்குன்னு தெரியாமலே பெருவிரலை உருட்டிவிட்டுப் போகிற சனத்தை நான் தினமும் பார்க்கிறேன். எழுதப் படிக்க விடாமல் வைத்தார்கள், அவர்கள் என்ன செய்வார்கள்? எழுத்துத் தெரிந்த தலைவன் வாசிக்காமல் கையெழுத்துப் போடுவதுதான் துரோகம்.

வேலைக்குப் போன நம் ஆட்களுக்கும் ஒரு வார்த்தை. டி.என்.பி.எஸ்.சி. கைடோடு வாசிப்பை முடித்துக்கொண்டு டவுனில் வீடு கட்டிப் போனவர்களே, நீங்கள் படித்தது சேரியின் சொத்து. திருப்பிக் கொடுங்கள்.

கூண்டுக்குள் நிற்கிற அண்ணலின் கையில் இருப்பது செங்கல் இல்லை தோழர்களே. மாலை வாங்குகிற காசில் பாதிக்கு ஒரு புத்தகம் வாங்குங்கள். கிளைக்கு ஓர் அலமாரி வையுங்கள். வாரம் ஒரு ராத்திரி தெருவிளக்கடியில் உரக்க வாசியுங்கள். ஆண்கள் மட்டும் உட்கார்ந்து வாசிக்காதீர்கள். வயல்வேலை முடிந்து வந்த, எழுத்துத் தெரியாத ஆத்தா ஒருத்தி குறுக்கே கேள்வி கேட்பாள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத் தெரிந்தவனும் தெரிந்தவளும் நமக்குத் தலைமை தாங்கட்டும். பதில் தெரியாதவர்கள் மைக்கைக் கீழே வைத்துவிட்டு, அடுத்த வாரம் படித்துவிட்டு வரட்டும்.