எங்கள் ஊர்க்காரரின் 119 இதழ்கள்



ஐப்பசி மழை கொஞ்சம் விட்டிருந்த ஒரு காலையில், சின்னமனூரிலிருந்து ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் நம் அலுவலகத்துக்கு வந்தார். நம் இதழுக்கு நெடுநாள் சந்தாதாரர். குடையை வாசலில் சாய்த்துவிட்டு உட்கார்ந்தவர், சட்டைப் பையிலிருந்து விபூதிப் பொட்டலம் போல மடித்த ஒரு காகிதத்தை எடுத்துப் பிரித்தார். உள்ளே ஒரு பென் டிரைவ்.

“தம்பி, இதுல ‘எழுத்து’ இருக்கு. 119 இதழும் இருக்கு. பேரன் ரெண்டு மாசமா எங்கெங்கயோ தேடிச் சேத்து வரிசையா அடுக்கிக் குடுத்தான். முப்பத்திரண்டு வருசம் தமிழ் சொல்லிக் குடுத்திருக்கேன். இதுல ஒண்ணக்கூட நான் கண்ணால பாத்ததில்ல.”

அன்று சாயங்காலம் வரை வேறு வேலை ஓடவில்லை.

‘எழுத்து’வை நடத்திய சி.சு. செல்லப்பாவின் பெயரில் முன்னால் நிற்கும் ‘சி’ சின்னமனூரைக் குறிக்கிறது என்பது நம் கம்பம் பள்ளத்தாக்கிலேயே எத்தனை பேருக்குத் தெரியும்? 1912 செப்டம்பர் 29ஆம் தேதி சின்னமனூரில் பிறந்தவர் அவர். வளர்ந்தது வத்தலக்குண்டில். ராஜம் ஐயரையும் பி.எஸ். ராமையாவையும் தந்த ஊர் அது. பிறகு சென்னை போனார். தன் நாற்பத்தாறாவது வயதில், 1959 ஜனவரியில், ‘எழுத்து’ என்ற மாத இதழைத் தொடங்கினார். கையில் பணம் இருந்து தொடங்கியதல்ல. வீட்டிலிருந்த நகை போய்த்தான் பத்திரிகை வந்தது என்று அவரை அறிந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

தேனி என்றதும் வெளியூர்க்காரர்கள் பண்ணைப்புரத்து இளையராஜாவையும் அல்லிநகரத்து பாரதிராஜாவையும் சொல்வார்கள். அந்தப் பெருமையில் எனக்கும் பங்குண்டு. ஆனால் தமிழில் புதுக்கவிதை என்றும் இலக்கிய விமர்சனம் என்றும் இன்று நாம் சாதாரணமாகப் பேசுகிறோமே, அந்த இரண்டுக்கும் நாற்றங்காலாக இருந்த பத்திரிகையை நடத்தியவர் நம் வெற்றிலைக் கொடிக்கால்களுக்கு நடுவே பிறந்தவர் என்பதை நாமே மறந்திருக்கிறோம். பக்கத்து அய்யம்பட்டியிலும் பல்லவராயன்பட்டியிலும் ஆண்டுதோறும் மாடு அவிழ்க்கிறார்கள். ஆயிரக்கணக்கில் கூட்டம் கூடுகிறது. ஜல்லிக்கட்டைப் பற்றித் தமிழில் வந்த ஆகச் சிறந்த குறுநாவலான ‘வாடிவாசல்’ சின்னமனூரில் பிறந்தவர் எழுதியது என்று அந்தக் கூட்டத்தில் கேட்டால் கை தூக்க எத்தனை பேர் இருப்பார்கள்? வெற்றிமாறன் அதைப் படமாக்கப் போவதாக அறிவித்த பிறகு பெயராவது காதில் விழுந்திருக்கிறது.

பென் டிரைவைச் செருகி முதல் இதழைத் திறந்தேன். 1959 ஜனவரி. அதே மாதம் 21ஆம் தேதிதான் ஆண்டிபட்டிப் பக்கம் வைகை அணை திறக்கப்பட்டது. ஒரு பக்கம் ஊர்கள் நீருக்குள் போய் அணை எழுந்த நேரத்தில், இந்த மண்ணின் பிள்ளை ஒருவர் சென்னையில் ஒரு சின்ன அச்சகத்தின் ப்ரூஃபுக்கு முன்னால் உட்கார்ந்திருந்திருக்கிறார். இரண்டுக்கும் தொடர்பு எதுவும் இல்லை. இருந்தாலும் அந்தத் தேதியைப் பார்த்ததும் எனக்கு அணைதான் கண்ணில் வந்தது.

இதழ்களை வரிசையாகப் படிக்கும்போது என்ன கிடைக்கிறது என்று ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். முதல் இதழில் ந. பிச்சமூர்த்தியின் ‘பெட்டிக்கடை நாரணன்’ கவிதையைச் செல்லப்பா மறுபிரசுரம் செய்தார். மார்ச் இதழில் பசுவய்யா என்ற பெயரில் ஒருவர் ‘உன் கை நகம்’ எழுதுகிறார். நாகர்கோவில் சுந்தர ராமசாமிதான் அவர். நடுவில் இருப்பது பிப்ரவரி இதழ் ஒன்றுதான். மூத்தவர் ஒருவருடைய பழைய கவிதையை எடுத்து முன்னால் வைத்த இரண்டே மாதத்தில் இளையவர் ஒருவரிடமிருந்து புதுக் குரல் வந்துவிடுகிறது. இலக்கிய வரலாற்று நூல்களில் இது ஒரு வரி. இதழ்களைப் புரட்டும்போது தபால்காரர் வந்து போகும் சத்தமே கேட்கிறது.

எழுதியவர்களின் ஊர்களைப் பாருங்கள். நகுலன் திருவனந்தபுரத்தில். சி. மணி சேலம் பக்கம், வே. மாலி என்ற பெயரிலும் எழுதினார். வெங்கட் சாமிநாதன் வடஇந்தியாவில் அரசு வேலையில். தருமு சிவராமு, பின்னாளில் பிரமிள், திரிகோணமலையில். அப்போது அவருக்கு இருபதை ஒட்டிய வயது. இவர்களில் பலர் அன்றைக்கு ஒருவரையொருவர் நேரில் பார்த்திருக்கவே மாட்டார்கள். திருவல்லிக்கேணியில் ஒரு வீட்டுத் திண்ணையும் இந்தியத் தபால்துறையும் சேர்ந்து இவர்களை ஒரே பக்கத்தில் உட்கார வைத்தன. இரண்டாயிரம் பிரதிக்கு மேல் அச்சடிப்பதில்லை என்று செல்லப்பா சொல்லியே வைத்திருந்தார். வாங்குகிறவர் படிக்கிறவராக இருக்க வேண்டும் என்பது அவர் கணக்கு. அந்த இரண்டாயிரத்தையும் அவரால் எட்ட முடியவில்லை.

1962இல் ‘புதுக்குரல்கள்’ என்ற தொகுப்பு வந்தது. ‘எழுத்து’வில் வந்த கவிதைகளிலிருந்து 24 கவிஞர்களின் 63 கவிதைகளைச் செல்லப்பாவே தேர்ந்து போட்டார். கல்லூரிகளில் பாடமாகவும் இருந்த புத்தகம். நான் ‘எழுத்து’வை அறிந்தது அதன் வழியாகத்தான். என்னைப் போன்ற பலருக்கும் அப்படித்தான். நம் ஊர்ப் பாஷையில் சொன்னால், தொகுப்பு என்பது கூடையில் அடுக்கி வந்த திராட்சைக் குலை. நல்ல குலையாகப் பார்த்து வெட்டியது. இதழ் என்பது ராயப்பன்பட்டியிலோ சுருளிப்பட்டியிலோ நாம் குனிந்து நுழைகிற பந்தல். அங்கே பழுத்ததும் இருக்கும், காயும் இருக்கும், நோய் விழுந்த இலையும் இருக்கும், கவாத்து செய்த தழும்பும் இருக்கும். கவிதைக்குப் பக்கத்துப் பக்கத்தில் அதை மறுத்து ஒருவர் எழுதியிருப்பார். பின்னால் பெயர் பெற்ற ஒருவரின் கைபழகாத முதல் முயற்சி இருக்கும். ஒரே ஒரு முறை எழுதிவிட்டுக் காணாமல் போன பெயர்கள் இருக்கும். அந்தப் பெயர்களில் நான் நீண்ட நேரம் நின்றுவிட்டேன். அவர்களும் அந்தப் பந்தலில் ஏறிய கொடிகள்தானே.

இதழ்களை வரிசையாகப் புரட்ட, ஓர் இதழாசிரியராக எனக்குச் சொந்தமாக ஒரு காரணமும் இருந்தது. 112 இதழ்கள் வரை மாதந்தோறும் கொண்டுவந்த செல்லப்பா, பிறகு காலாண்டாக மாற்றி, ஏழு இதழ்களுக்கு மேல் முடியாமல் 1970 ஜனவரியில் 119ஆவது இதழோடு நிறுத்தினார். கோப்புகளின் பட்டியலில் தேதிகளுக்கிடையே இடைவெளி கூடுவது தெரிகிறது. மாதம், மாதம், மாதம் என்று வந்தது திடீரென்று மூன்று மாதமாகிறது. காகிதக் கடைக்கும் அச்சகத்துக்கும் தவணை சொல்லி நின்ற அனுபவம் உள்ளவன் நான். அந்த இடைவெளிக்குள் என்ன நடந்திருக்கும் என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. இதழ் நின்ற பிறகும் அவர் புத்தகங்களைத் தோளில் சுமந்து ஊர் ஊராகக் கல்லூரி வாசல்களில் ஏறி விற்றார். ‘சுதந்திர தாகம்’ நாவலின் மூன்று பாகங்களையும் 1997இல், எண்பத்தைந்து வயதில், தானே வெளியிட்டார். மறு ஆண்டு டிசம்பரில் காலமானார். சாகித்ய அகாதமி பரிசு அந்த நாவலுக்கு 2001இல் வந்தது.

இனி பென் டிரைவின் விஷயத்துக்கு வருகிறேன். ஒரு முழு இதழ்த் தொகுதியை மின்வடிவில் தருவது உலகத்துக்குப் புதிதல்ல. அமெரிக்காவின் ‘நியூயார்க்கர்’ வார இதழ் 2005இலேயே தன் எண்பது ஆண்டு இதழ்களை, மொத்தம் 4,109, எட்டு டிவிடிகளில் போட்டு விற்றது. விளம்பரம் உட்பட ஒவ்வொரு பக்கமும் அச்சில் இருந்தபடியே படமாக இருந்தது. அது வசதியுள்ள நிறுவனம், பழைய இதழ் எல்லாமே அதன் கையில் இருந்தது. நம்முடைய சிறுபத்திரிகைகளுக்கு நிறுவனம் கிடையாது. ஆசிரியரோடு அலுவலகமும் போய்விடும். பிறகு யாரோ ஒரு வாசகர் கட்டிவைத்த பைண்டு வால்யூம்தான் கதி.

அந்த வாசகர்களில் பெரியவர் கோட்டையூர் ரோஜா முத்தையா. வாழ்நாள் முழுக்க அவர் சேர்த்த நூல்களையும் இதழ்களையும் வைத்துத்தான் 1994இல் சென்னையில் அவர் பெயரில் ஆராய்ச்சி நூலகம் உருவானது. இலங்கையில் 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. அந்தச் சமூகத்திலிருந்தே 2005இல் ‘நூலகம்’ என்ற மின்னூலகம் எழுந்து, ஈழத்து இதழ்களைத் தேடித் தேடி ஏற்றிவருகிறது. தமிழ் இணையக் கல்விக்கழகமும் தன் மின்னூலகத்தில் பழைய இதழ்களைக் காசில்லாமல் படிக்கத் தருகிறது. இந்த வேலையைச் செய்கிற கைகளை நாம் பெரும்பாலும் பார்ப்பதில்லை. ஒடிகிற பக்கத்தை ஒடியாமல் திருப்பி, வெளிச்சம் சரிபார்த்து, ஒவ்வொன்றாகப் படமெடுக்கும் பொறுமை சாதாரணமானதல்ல. பக்க ஓரத்தில் எங்காவது ஒரு விரல்நுனி பதிந்திருந்தால் எனக்கு அதைத் தொட்டுக் கும்பிடத் தோன்றும்.

மின்வடிவில் இருப்பதாலேயே எல்லாம் கைக்கு வந்துவிடாது. கணினியில் தேடிப் பார்க்க நினைத்து, ‘சென்னை’ என்று தட்டினேன். ஓர் இடம்கூடக் கிடைக்கவில்லை. பக்கத்தில் கண்ணெதிரே அந்தச் சொல் இருக்கிறது. பிறகுதான் விளங்கியது. 1978இல் எழுத்துச் சீர்திருத்தம் வருவதற்கு முந்தைய அச்சு அது. ‘னை’, ‘லை’, ‘ணை’ எல்லாம் தும்பிக்கை வைத்த பழைய வடிவங்கள். ‘ணா’, ‘றா’, ‘னா’ சுழித்த வடிவங்கள். படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் மென்பொருள் அவற்றில் தடுமாறுகிறது. ‘இல்லை’ என்ற சொல்லைக்கூட அதால் சரியாக வாசிக்க முடியவில்லை. நம் அலுவலகத்தில் பக்கம் வடிவமைக்கும் தங்கைக்கு இருபத்து மூன்று வயது. அவளும் முதல் நாள் திணறினாள். இரண்டாம் நாள் சரளமாகப் படித்தாள். மென்பொருளுக்கும் யாராவது இப்படி உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க வேண்டும். பள்ளத்தாக்கில் கணினி படிக்கும் பிள்ளைகள் எத்தனையோ பேர் இருக்கிறீர்கள். தும்பிக்கை எழுத்தை அடையாளம் காண ஒரு நிரல் எழுதிப் பார்ப்பீர்களா? செய்தால் ‘எழுத்து’ மட்டுமல்ல, 1978க்கு முன் அச்சான தமிழ் முழுவதும் தேடக் கிடைக்கும்.

அன்று பென் டிரைவோடு வந்தவரிடம், “ஐயா, உங்கள் ஊர் செப்பேட்டுக்குப் பேர்போன ஊராயிற்றே” என்றேன். சின்னமனூர்ச் செப்பேடுகள் ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய பாண்டியர் காலத்தவை. மதுரையில் சங்கம் வைத்ததையும் மகாபாரதத்தைத் தமிழாக்கியதையும் சொல்பவை. அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

“செம்புல வெட்டுனது நின்னுருச்சு தம்பி. பேப்பர்ல அடிச்சது எங்க வீட்டுப் பரண்லயே போச்சு. எங்கப்பா சேத்து வச்சிருந்த பழைய பத்திரிகை மூணு மூட்டை. வீடு இடிச்சுக் கட்டுறப்ப எடைக்குப் போட்டேன். அதுல என்ன இருந்துச்சுன்னு பிரிச்சுக்கூடப் பாக்கல.”

அவர் குரல் இறங்கியது. என்னிடமும் சொல்வதற்கு எதுவும் இல்லை. நானும் வீடு மாறும்போது எடைக்குப் போட்டவன்தான்.

அதனால்தான் இந்தப் பக்கத்தை எழுதுகிறேன். ‘எழுத்து’ தப்பித்துவிட்டது. நம் பள்ளத்தாக்கில் தப்பாமல் கிடப்பவை எவ்வளவோ. பள்ளிக்கூட ஆண்டு மலர்கள், கையெழுத்துப் பத்திரிகைகள், கூட்டுறவுச் சங்க விழா மலர்கள், வீரபாண்டித் திருவிழாவுக்கு அச்சடித்த நாடக நோட்டீஸ்கள், போடி ஏலக்காய் வியாபாரிகளின் விலைப்பட்டியல்கள், நான்கு இதழோடு நின்றுபோன உள்ளூர் மாத ஏடுகள். இவற்றுக்கு வேறு ஊரில் படி இருக்காது. உங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியில் இருப்பதுதான் கடைசியாக இருக்கலாம்.

வரும் மாதத்திலிருந்து ஒவ்வொரு மாதமும் கடைசி ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணி முதல் மாலை ஐந்து வரை, நம் அலுவலக முன்னறையில் ஸ்கேனரோடு உட்கார்ந்திருப்போம். கொண்டுவாருங்கள். கண் முன்னாலேயே படமெடுத்துவிட்டு அன்றைக்கே கையில் திருப்பிக் கொடுத்துவிடுவோம். எடுத்த படத்தின் ஒரு பிரதியும் உங்களுக்கு. ஒட்டிய பக்கத்தை வீட்டில் வைத்துப் பிரிக்க வேண்டாம். பைண்டிங்கை அறுக்க வேண்டாம். ராமபாணப் பூச்சி அரித்திருந்தால் வெயிலில் காய வைக்காமல், அப்படியே ஒரு பருத்தித் துணியில் சுற்றி எடுத்து வாருங்கள். அட்டை இல்லை, முன்பக்கம் கிழிந்துவிட்டது என்று தயங்க வேண்டாம். நடக்க முடியாதவர்கள் சொல்லி அனுப்பினால் சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம் பக்கம் நாங்களே வருகிறோம்.

சின்னமனூர் ஐயா முதல் முறைக்கே வருவதாகச் சொல்லியிருக்கிறார். அவருடைய தங்கை வீட்டுப் பரணில் ஒரு மூட்டை மிச்சம் இருக்கிறதாம்.

அன்புடன்,
ஆசிரியர்