சிறைக் கதவும் சிகிச்சைக் கதவும்

"கஞ்சாவுடன் வாலிபர் சிக்கினார், சிறையில் அடைப்பு." ஏட்டைப் புரட்டினால் இந்தச் செய்தி கண்ணில் படாத நாள் குறைவு. இன்று ஓர் ஊர், நாளை மற்றோர் ஊர். படிப்பவர், "தொலைந்தான் ஒருவன்" என்று பெருமூச்சு விட்டுவிட்டுப் பக்கத்தைத் திருப்புகிறார். தொலைந்தது எது? போதையா? ஒரு தொழிலாளியின் கூலி தொலைந்தது. அவன் வீட்டு அடுப்பு அணைந்தது. அவன் வெளியே வருகிற நாளிலே, அதே பொட்டலம் அதே தெருமுனையிலே அவனுக்காகக் காத்துக்கொண்டிருக்கிறது. எனவேதான் கேட்கிறோம், இதற்குச் சிறை ஒன்றுதானா வழி?

கேட்டவுடன் சீறிப் பாய்வோர் உண்டு. "போதைக் கும்பலுக்கா வக்காலத்து?" என்பர். வக்காலத்து அல்ல, தோழர்களே, வித்தியாசம் காட்டுகிறோம். 2021 ஏப்ரலிலே நமது தூத்துக்குடித் துறைமுகத்திலே ஒரே கண்டெய்னரில் 300 கிலோவுக்கு மேல் கொக்கெய்ன் பிடிபட்டது. அதற்குப் பணம் போட்டவன் கடம்பூர்க் கரிசலிலே மழையை நம்பி உளுந்து விதைப்பவனா? தீப்பெட்டி ஆபீசிலே கட்டை அடுக்குபவனா? மில்லிலே இரவு ஷிப்ட் பார்ப்பவனா? விற்றுக் கொழுப்பவன் ஒருவன். விழுந்து கிடப்பவன் இன்னொருவன். முன்னவனுக்கு விலங்கு தேவை. பின்னவனுக்கு வைத்தியம் தேவை. இரண்டு பேருக்கும் ஒரே பூட்டு என்றால், அது நீதியும் ஆகாது, புத்தியும் ஆகாது.

சட்டம் சொல்வது என்ன?

இந்த வித்தியாசம் நாம் கற்பித்துக் கூறுவது அல்ல. சட்டமே கூறுவது. போதை மருந்துகள், மனமயக்கப் பொருள்கள் சட்டம் 1985இலே நிறைவேறியது. கடுமையான சட்டம். அளவுக்கு ஏற்ற தண்டனை என்ற பாகுபாட்டை 2001ஆம் ஆண்டுத் திருத்தம் அதிலே தெளிவாக்கியது. கஞ்சா என்றால் 1 கிலோவுக்குக் குறைந்தால் சிறு அளவு. 20 கிலோவுக்கு மேற்பட்டால் வணிக அளவு. ஹெராயின் என்றால் 5 கிராம், 250 கிராம். வணிக அளவு வைத்திருந்தவனுக்கு 10 ஆண்டு முதல் 20 ஆண்டு வரை கடுங்காவல். சிறு அளவுக்கு ஓராண்டு வரை, அல்லது அபராதம், அல்லது இரண்டும்.

அதே சட்டத்திலே இரண்டு பிரிவுகள் உண்டு. கட்சி மன்றந்தோறும், சங்க அலுவலகந்தோறும் எழுதி மாட்ட வேண்டிய பிரிவுகள்.

ஒன்று, 64-ஏ. போதைக்கு அடிமையான ஒருவர், உட்கொண்ட குற்றத்துக்காகவோ சிறு அளவு வைத்திருந்த குற்றத்துக்காகவோ வழக்கிலே சிக்கியிருந்தால், அரசு நடத்தும் அல்லது அரசு ஏற்றுக்கொண்ட மருத்துவமனையிலே தாமாக முன்வந்து சிகிச்சை பெற்றால், அவர்மீது வழக்கு நடத்தலாகாது. சிகிச்சையைப் பாதியிலே விட்டால் இந்தப் பாதுகாப்பை எடுத்துவிடலாம்.

மற்றொன்று, 39. குற்றம் உறுதியான பிறகும், அந்த அடிமையின் வயது, நடத்தை, உடல்நிலை, மனநிலை பார்த்து, அவர் சம்மதத்துடன், உடனே சிறைக்கு அனுப்பாமல் சிகிச்சைக்கு அனுப்ப நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. ஜாமீன்தார் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரு பத்திரம் எழுதிக் கொடுத்தால் போதும். ஓராண்டுக்குள் சிகிச்சையின் பலன் பற்றி அறிக்கை தர வேண்டும். அறிக்கை திருப்தியாக இருந்தால், எச்சரித்து, மூன்றாண்டுக்கு மேற்படாத நன்னடத்தைப் பத்திரத்தின் பேரிலே விட்டுவிடலாம்.

ஆக, சிறைக் கதவுக்குப் பக்கத்திலேயே சிகிச்சைக் கதவும் இருக்கிறது. சட்டம் போட்ட கதவு! ஆனால் கீல் துருப்பிடித்துக் கிடக்கிறது.

திறக்காத கதவு

விதி சட்டக் கொள்கை மையம் என்ற ஆராய்ச்சி நிறுவனம், போதை வழக்குகள் மலிந்த பஞ்சாபிலே 2013 முதல் 2015 வரை நடந்த ஆயிரக்கணக்கான வழக்குகளை ஆராய்ந்து 2018இலே அறிக்கை வெளியிட்டது. நீதிமன்றத்தின் வழியாகச் சிகிச்சைக்கு அனுப்பப்பட்டவர் என்று ஒருவரைக்கூட அந்த வழக்குகளிலே காண முடியவில்லை. சட்டம் இருக்கிறது, நோயாளி இருக்கிறான், நீதிபதி இருக்கிறார். மூவரும் சந்திக்கவில்லை!

ஏன் சந்திக்கவில்லை? கடம்பூர் ரயிலடியிலே இரண்டு பொட்டலத்துடன் ஒரு கூலித் தொழிலாளி பிடிபடுகிறான் என்று வைத்துக்கொள்வோம். "நான் அடிமை, எனக்குச் சிகிச்சை வேண்டும்" என்று சொல்ல வேண்டியவன் அவன்தான். 64-ஏ என்று ஒன்று இருப்பதே அவனுக்குத் தெரியாது. சொல்லிக் கொடுக்க வக்கீல் வேண்டும். பீஸ் கொடுக்கக் காசு இல்லை. அடிமை என்று மருத்துவர் சான்று தர வேண்டும். அதைக் கேட்டு வாங்க ஆள் இல்லை. அரசு ஏற்றுக்கொண்ட சிகிச்சை இடம் பக்கத்திலே இருக்க வேண்டும். இருந்தாலும் படுக்கை கிடைக்க வேண்டும். இத்தனைக்கும் அலைவதைவிட, "குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன், அபராதம் கட்டுகிறேன்" என்பது சுலபமாகத் தெரிகிறது அவனுக்கு. கட்டப் பணம் இல்லாதவன் பேரூரணிச் சிறைக்கோ பாளையங்கோட்டைக்கோ போகிறான்.

வசதி படைத்தவன் வீட்டுப் பிள்ளைக்கு இதே கதியா? இல்லை! அவனுக்குப் பெரிய வக்கீல் உண்டு, தனியார் மருத்துவமனை உண்டு, "மனச்சோர்வு" என்று கௌரவமான பெயரும் உண்டு. ஒரே நோய்தான். அங்கே அதற்குப் பெயர் சிகிச்சை. இங்கே அதற்குப் பெயர் தண்டனை. பிரிவுகள் 39-ம் 64-ஏயும் ஏழைக்கு எட்டவில்லை என்றால், சட்டத்தின் முன் அனைவரும் சமம் என்ற பேச்சு ஏட்டுச் சுரைக்காய்தான்.

சிறை செய்வது என்ன? போதை நின்றுபோன உடம்பு முதல் சில நாட்கள் படும் பாடு கொடியது. குடிக்கு அடிமையானவனுக்கு அது திடீரென நின்றால் வலிப்பு வரலாம், சித்தம் கலங்கலாம், உயிருக்கே ஆபத்து நேரலாம். அங்கே வேண்டியது மருத்துவர். சிறையிலே அவனுக்குக் கிடைக்கும் அண்டை வீட்டுக்காரனோ பெரிய வியாபாரி. சிறு பொட்டலக்காரன் உள்ளே போய், பெரிய சரக்குக்காரனின் அறிமுகத்துடன் வெளியே வருவதற்கு, அரசாங்கமே பாலம் கட்டித் தருகிறது. வெளியே வந்தவனை வேலைக்குச் சேர்க்க முதலாளி தயங்குகிறார். வாங்கிய முன்பணத்துக்கு மனைவி தீப்பெட்டி ஒட்டிக் கடன் கழிக்கிறாள்.

பிற நாடுகளின் பாடம்

அமெரிக்காவிலே, மயாமி நகரிலே, 1989இலே இதற்கென ஒரு தனி நீதிமன்றம் தொடங்கினார்கள். கொக்கெய்ன் வழக்குகள் குவிந்து, சிறைகள் நிரம்பி வழிந்த நேரம். விடுதலையானவனே மீண்டும் மீண்டும் வந்து நின்றான். எனவே நீதிபதி, அரசு வக்கீல், எதிரியின் வக்கீல், மருத்துவத் துறையினர், கண்காணிப்பு அதிகாரி எல்லோரும் சேர்ந்து வேலை செய்யும் முறையைக் கொண்டுவந்தார்கள். சம்மதித்தவருக்கு ஓராண்டோ அதற்கு மேலோ சிகிச்சை. குறித்த நாளிலே அதே நீதிபதி முன் வர வேண்டும், சிறுநீர்ச் சோதனைக்கு உட்பட வேண்டும். தேறினால் பாராட்டு, தவறினால் கண்டிப்பு. முழுவதும் முடித்தால் வழக்கு தள்ளுபடி, அல்லது தண்டனைக் குறைப்பு. டொரண்டோவிலே 1998இலும், ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்சிலே 1999இலும் இம்முறை தொடங்கிற்று. அமெரிக்காவிலே இன்று மூவாயிரத்துக்கும் மேற்பட்ட இத்தகைய நீதிமன்றங்கள் நடக்கின்றன.

குறை இல்லாத முறை என்று கூறமாட்டோம். சுலபமாகத் தேறக்கூடியவரை மட்டும் பொறுக்கிச் சேர்த்துக்கொண்டு கணக்குக் காட்டுகிறார்கள் என்ற புகார் உண்டு. ஹெராயின் அடிமைக்கு மருத்துவர் தரும் மருந்தையே தடுத்த நீதிபதிகளும் இருந்தனர். இடையிலே தவறிய சிலர், தண்டனையை முதலிலேயே ஏற்றிருந்தால் கழித்திருக்கும் நாட்களைவிட அதிக நாள் சிறையிலே கிடந்தனர். மருத்துவரின் வேலையை நீதிபதி செய்யப் புகுந்தால் வரும் விபரீதம் இது.

இதைவிடப் பெரிய எச்சரிக்கை, கடலுக்கு அப்பால், தமிழரும் வாழும் இலங்கையிலே இருக்கிறது. அங்கே 2007இலே போதை அடிமைகளுக்குக் கட்டாயச் சிகிச்சை அளிக்கச் சட்டம் இயற்றினர். கந்தக்காடு முகாமிலே ராணுவத்தின் மேற்பார்வையிலே அடைத்தனர். பெயர் புனர்வாழ்வு. நடந்தது? 2022 ஜூனிலே அங்கே ஒருவர் இறந்ததை அடுத்துக் கலவரம் மூண்டது. நூற்றுக்கணக்கானோர் தப்பி ஓடினர். பெயர்ப் பலகையை மாற்றிவிட்டால் சிறை மருத்துவமனை ஆகிவிடாது. நம் நாட்டிலும் "மறுவாழ்வு மையம்" என்ற பெயரிலே அடியும் சங்கிலியுமாக நடத்துவோர் உண்டு. 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தின்படி இத்தகைய இடங்கள் பதிவு பெற்றாக வேண்டும். பதிவு உண்டா என்று கேட்பது நம் ஊர்க்காரர் ஒவ்வொருவரின் உரிமை.

யாருக்குச் சிகிச்சை?

பிடிபட்டவர் எல்லோரையும் மருத்துவமனையிலே படுக்க வைக்கவும் வேண்டாம். மத்திய அரசுக்காக டில்லி எய்ம்ஸ் மருத்துவமனை நடத்திய ஆய்வு 2019இலே வெளிவந்தது. கஞ்சா வகையைத் தொடுவோர் சுமார் 3 கோடியே 10 லட்சம். அவர்களிலே உதவி தேவைப்படுவோர் சுமார் 72 லட்சம். அதாவது நாலிலே ஒரு பங்கு! மற்றவர்களுக்கு அறிவுரை போதும், எச்சரிக்கை போதும். அதே ஆய்வு இன்னொன்றும் கூறுகிறது: குடிக்கு அடிமையானோரிலே 38 பேருக்கு ஒருவர்தான் ஏதேனும் ஒரு சிகிச்சை பெறுகிறார். கரிசல் பூமியிலே குடும்பங்களைக் குடிக்கும் பெரிய போதை எது என்பது தோழர்களுக்குத் தெரியும். 2003 முதல் சில்லறைக் கடையை அரசே நடத்துகிறது. விற்றுவரும் பணத்தை எண்ணத் தெரிந்த அரசுக்கு, விழுந்தவனைத் தூக்கும் பொறுப்பு இல்லையா?

தூக்க முடியும் என்பதற்கு முன்மாதிரி இருக்கிறது. சென்னையிலே 1980இலே சாந்தி ரங்கநாதன் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை, திருவாரூர்ப் பக்கம் மஞ்சக்குடிக் கிராமத்துக்கே முகாமைக் கொண்டுபோய், குடும்பத்தையும் உட்காரவைத்துச் சிகிச்சை தந்தது. தமிழக அரசும் 2025இலே அரசு மருத்துவமனைகளிலே "கலங்கரை" என்ற பெயரிலே 25 சிகிச்சை மையங்களைத் தொடங்கியது. நல்ல தொடக்கம். ஆனால் நீதிமன்றத்திலிருந்து அந்தப் படுக்கைக்குப் பாதை போடாதவரை, கலங்கரை ஒரு பக்கம், கப்பல் ஒரு பக்கம்!

நாம் கேட்பது

"சலுகை தந்தால் குற்றம் பெருகுமே" என்பார்க்கு ஒரு சொல்: 64-ஏயும் 39-ம் சிறு அளவுக்காரனுக்கு மட்டுமே, பெரிய வியாபாரி அவற்றுக்குள்ளே நுழைய முடியாது. நிபந்தனையை மீறியவன் மீது வழக்கு திரும்பும். சிறையில் வைத்துச் சோறு போடுவதற்கும் வரிப்பணம்தான் செலவாகிறது. அந்தப் பணம் ஒருவனைத் திருத்துவதற்குச் செலவானால் என்ன குடி முழுகிவிடும்?

புதிய சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. முதலாவது, சிறு அளவு வழக்கு எதுவாயினும் நீதிபதி முன் நிறுத்திய முதல் நாளே, "சிகிச்சைக்குச் சம்மதமா?" என்ற கேள்வி எழ வேண்டும். இரண்டாவது, கோவில்பட்டி அரசு மருத்துவமனையிலே போதைச் சிகிச்சைக்குப் படுக்கையும் மனநல மருத்துவரும் நிரந்தரமாக வேண்டும். கடம்பூர்க்காரன் ஒரு பஸ்ஸிலே போய்த் திரும்பும் தூரத்திலே சிகிச்சை இருக்க வேண்டும். மூன்றாவது, ஜாமீன்தார் கிடைக்காத ஏழைக்குச் சொந்தப் பத்திரமே போதும் என்று ஆக வேண்டும். சட்டம் அதற்கு இடம் தருகிறது. நான்காவது, சிகிச்சை முடித்தவனின் வேலை போகக் கூடாது. இதைச் சங்கங்கள் ஒப்பந்தப் பேச்சிலேயே கேட்டுப் பெற வேண்டும்.

நாமும் செய்யவேண்டியது உண்டு. காவலிலே இருப்பவர் யாராயினும், வருமானம் எவ்வளவாயினும், இலவசச் சட்ட உதவிக்கு உரியவர் என்கிறது 1987ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டம். போதையால் பாதிக்கப்பட்டோருக்கென்றே தேசியச் சட்டப் பணிகள் ஆணையம் 2015இலே தனித் திட்டமும் வகுத்தது. நம் தெருப் பையன் பிடிபட்டான் என்று கேள்விப்பட்டால், வேடிக்கை பார்க்கப் போகாதீர்கள். அன்றே சட்ட உதவிக் குழுவிடம் மனு எழுதிக் கொடுங்கள். "64-ஏயின்படி சிகிச்சை கோருகிறார்" என்ற ஒரு வரி அதிலே இருக்கட்டும். அவன் சிகிச்சை முடித்து வந்தால், பழைய பெயரைச் சொல்லிக் கேலி பேசாமல் சங்கக் கூட்டத்துக்கு அழைத்து வாருங்கள். மறுபடி ஒருமுறை தவறினான் என்றால் கைவிட்டுவிடாதீர்கள். இந்த நோய் திரும்பி வரும் குணம் உடையது, ஒரே முயற்சியிலே தேறாதவர் பலர்.

கட்டை அடுக்கும் கை, நூல் இழுக்கும் கை, உழும் கை — நாட்டுக்குச் சோறும் துணியும் தரும் கை அது. அந்தக் கை நடுங்கினால், அதற்கு விலங்கு பூட்டுவது ஆட்சி அல்ல. நடுக்கம் தீர மருந்து தருவதே ஆட்சி. கதவு இருக்கிறது, தோழர்களே. திறக்கச் சொல்லித் தட்டுவோம்!