வேண்டுமென்றே செய்த குற்றமா?

“குடித்தவன் தானாகத்தானே குடித்தான்? அவன் வாயில் யார் ஊற்றினார்கள்?” ஆளும் வர்க்கத்தார் வழக்கமாகக் கேட்கும் கேள்வி இது. கேட்டுவிட்டுக் கைகழுவி விடுவார்கள். 1988 ஏப்ரல் 20-ஆம் தேதி அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டு, நான்குக்கு மூன்று என்ற கணக்கில், இந்தக் கேள்வியையே தீர்ப்பாக எழுதி வைத்தது.

வழக்கு என்ன? ராணுவத்திலிருந்து நற்பெயருடன் வெளிவந்த இருவர் குடிநோயில் விழுந்தார்கள். பத்தாண்டுக் கெடுவுக்குள் கல்வி உதவியைப் பயன்படுத்த முடியவில்லை. குடியை விட்டபின் அவகாசம் கேட்டார்கள். சர்க்கார் மறுத்தது. மனநோயின் விளைவாக வராத குடி, வேண்டுமென்றே செய்த ஒழுங்கீனம் என்பது அதன் விதி. கோர்ட்டு அந்த விதிக்கு முத்திரை குத்தியது.

“மனநோயாளிக்குத்தான் விலக்கு உண்டே!” என்பார்கள் சிலர். உண்டு, காகிதத்தில்! யுத்த களத்து அதிர்ச்சியால் வரும் மனநோய்க்கு அந்நாட்டு மனநோய் மருத்துவர்களின் 1952-ஆம் ஆண்டுக் கையேட்டில் ஓர் இடம் இருந்தது. வியத்நாம் யுத்தம் உச்சத்தில் இருந்த 1968-ல் அதை நீக்கினார்கள். மீண்டும் ஒரு பெயர் சூட்டிச் சேர்த்தது 1980-ல்! சிப்பாய்களோ 1973-க்குள் திரும்பிவிட்டார்கள். பெயரே இல்லாத நோய்க்கு எந்த டாக்டர் சர்ட்டிபிகேட் கொடுப்பார்? பின்னர் அமெரிக்கக் காங்கிரசே கட்டளையிட்டு நடத்திய ஆய்வில், வியத்நாமுக்குச் சென்ற ஆண்களில் 100-க்கு 30 பேர் ஏதேனும் ஒரு காலத்தில் இந்நோய்க்கு ஆளானவர்கள் என்று தெரிந்தது.

இந்த நோயாளியின் மூளை உறங்காத காவல்காரன். கதவு தட்டும் சப்தமும் அதற்கு வெடிச் சப்தம். மது அந்தக் காவல்காரனைச் சற்று நேரம் உறங்க வைக்கிறது. ஆனால் அதே மது, பின்விளைவை எண்ணிக் கையைத் தடுக்கும் மூளையின் முன்பகுதியையும் மழுங்கடிக்கிறது. கண்ணெதிரே இருப்பது மட்டும் தெரிகிறது, நாளை தெரிவதில்லை. எதிரே வருபவன் எதிரியாகத் தோன்றினால், கை ஓங்குவதற்கும் அடிப்பதற்கும் நடுவே நிற்க வேண்டிய ஒரு கண யோசனை அங்கே இல்லை. போதை இறங்கினால் பதற்றம் முன்னிலும் அதிகம். பின்னிரவில் கெட்ட கனவுகள் வேறு. விடிந்தால் மறுபடி புட்டி. முதல் கோப்பையை அச்சம் தீர்மானிக்கிறது. அடுத்த கோப்பையை முதல் கோப்பை தீர்மானிக்கிறது. இதில் “வேண்டுமென்றே” எங்கே இருக்கிறது?

நாம் குடிக்கு வக்காலத்து வாங்கவில்லை. அவன் கையால் அடிபட்ட மனைவிக்கு இந்த விளக்கம் மருந்தாகாது. இந்நோய் கண்டவர் எல்லோரும் குடிப்பதுமில்லை; குடித்தவர்களில் மீண்டவர்கள் ஏராளம். ஆனால் அவர்களை மீட்டது சிகிச்சையும் சக மனிதர்களின் துணையும், குற்றவாளிப் பட்டமல்ல. “முதலில் குடியை விடு, பிறகு வா” என்று நெடுங்காலம் ஆஸ்பத்திரிகள் விரட்டின. இரண்டு நோய்க்கும் ஒருசேரச் சிகிச்சை தர வேண்டும் என்கிறது இன்றைய வைத்தியம்.

சர்க்கார் கற்றுக்கொண்டதா? கல்வி உதவி விஷயத்தில் 1988-லேயே சட்டத்தைத் திருத்தியது. ஆனால் 1990-ல், குடியால் வந்த ஊனத்துக்கு நஷ்ட ஈடு இல்லை என்று வேறொரு கதவை அடைத்தது. யுத்த நோயின் விளைவாக வந்த குடிநோய்க்கு அந்தக் கதவு அடைபடாது என்று ஒரு அப்பீல் கோர்ட்டு சொல்வதற்கு 2001 ஆயிற்று. பதினோரு ஆண்டுகள்!

காலேஜ் மாணவர்களுக்கு விலக்குக் கொடுத்து, பெரும்பாலும் தொழிலாளி வீட்டுப் பிள்ளைகளையே அந்த ஆக்கிரமிப்பு யுத்தத்துக்கு ஏவினார்கள். வியத்நாம் அரசின் 1995-ஆம் ஆண்டுக் கணக்குப்படி அங்கே மாண்டவர்கள் சுமார் முப்பது லட்சம். அந்த மக்களின் துயரத்தை நாம் ஒருகணமும் மறக்கவில்லை. ஆனால் பொறுப்பாளி யார்? 1964 ஆகஸ்டில் டோங்கின் வளைகுடாவில் நடக்காத ஒரு தாக்குதலையும் சாக்காகக் காட்டி யுத்தத் தீர்மானம் நிறைவேற்றியவர்கள்! அவர்களை எந்தக் கெட்ட கனவும் துரத்தவில்லை. எந்த மதுவின் மேலும் அவர்கள் பழி போட முடியாது.

வேண்டுமென்றே செய்த குற்றம் அதுதான்! யுத்தத்தை ஏவியவன் அதன் நோய்க்கும் வைத்தியம் பார்க்கட்டும்!